சுண்ணக்கட்டியால் போட்ட இரண்டு பெருக்கல் குறிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பக்கங்களில் வீட்டுப் புதுப்பிப்பு பற்றி அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. படங்கள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: சமையலறைச் சுவரை எடுத்துவிட்டோம், வீடு விசாலமாகிவிட்டது. அந்தச் சுவர் அதுவரை அங்கே நின்று என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சுவர் எழும்ப எத்தனை பேர் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது என்று அறிந்தவனுக்கு இந்த வரி உறுத்துகிறது. கடிதம் நீளமாகப் போய்விட்டது. வெட்டுவதாக இருந்தால், எந்தப் பத்தி எதைத் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

என் அக்காள் மகளும் அவள் கணவரும் ஹவ்காங்கில் மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். 1980களின் பிற்பாதியில் எழுந்த புளோக், அதாவது அடுக்குமாடிக் கட்டடம். சாவி கிடைத்த மூன்றாம் நாள், "மாமா, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்தாள். போனேன். ஒப்பந்தக்காரரும் வந்திருந்தார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரில் சுண்ணக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இன்னொன்று. இரண்டும் போய்விடுமாம். இரண்டு அறைகளையும் ஒன்றாக்கி, ஒரு பக்கம் உடை அலமாரி வைக்கப்போகிறார்களாம்.

"இந்த இரண்டாவது சுவரை எடுக்க வரைபடம் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"பக்கத்து புளோக்கில் இதே சுவரை எடுத்திருக்கிறோம், அங்கிள். ஒன்றும் ஆகவில்லை" என்றார் அவர்.

அவர் கெட்டவர் அல்லர். வேலை சுத்தமாகச் செய்கிறவர் என்று பிறகு பார்த்தும் தெரிந்துகொண்டேன். ஆனால் 'பக்கத்து புளோக்கில் எடுத்தோம்' என்பது எங்கள் தொழிலில் காதில் விழவே கூடாத பேச்சு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சமையலறைச் சுவரிடம் போனேன். பழைய வீட்டுக்காரர் அலமாரி மாட்டியிருந்த திருகாணித் துளை ஒன்று திறந்தே கிடந்தது. பையிலிருந்த சாவியின் நுனியால் சுரண்டினேன். சிவப்புத் தூள் கொட்டியது. செங்கல். கதவு நிலை அருகே அளந்தால், இருபக்கப் பூச்சையும் சேர்த்து எங்கள் காலத்துக் கொத்தனார்கள் 'நாலரை இஞ்சு' என்று சொல்லும் கனம். மேலே அண்ணாந்து பார்த்தால், சுவரின் தலைக்கு மேல் ஒரு விட்டம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிறது. ஆக, கூரைத் தளத்தின் சுமையை விட்டம் வாங்கித் தூணுக்குக் கொடுக்கிறது. சுவர் இடையில் நிற்கிறது, அவ்வளவுதான். எங்கள் பேச்சில் அது தடுப்புச் சுவர்.

படுக்கையறைச் சுவரிலும் நாள்காட்டி மாட்டியிருந்த ஆணித் துளை இருந்தது. சுரண்டினேன். சாவி வழுக்கியது. மிகவும் முயன்றபின் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள் வந்தது. கனம் அதிகம். தலைக்கு மேல் விட்டம் இல்லை. விட்டம் இல்லாத இடத்தில் கனமான கான்கிரீட் சுவர் நின்றால் ஒரு கேள்வி எழ வேண்டும்: அப்படியானால் மேல் தளத்தை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

சிவப்புத் தூளும் சாம்பல் தூளும் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், தீர்ப்பு எழுத உதவாது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்துச் சொல்வதெல்லாம் கிளி ஜோசியம். கெட்டியாகப் பூசிய செங்கல் சுவரும் கான்கிரீட்டைப் போலவே ஒலிக்கும். தீர்ப்பு வீட்டு வரைபடத்தில் இருக்கிறது. இந்த அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் கட்டி அதை வாங்கிக்கொள்ளலாம். சுமை தாங்கும் பகுதிகள் அதில் வேறுபடுத்திக் காட்டப்பட்டிருக்கும்.

பக்கத்து புளோக் விவகாரத்துக்கு வருகிறேன். கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. ஆரம்பக் காலத்துப் புளோக்குகள் பெரும்பாலும் எலும்புக்கூடு போன்றவை. தூணும் விட்டமும் எலும்பு, செங்கல் சுவர் இடைவெளியை அடைக்கும் சதை. 1980களின் தொடக்கத்தில் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முறை பெரிய அளவில் வந்தது. சுவரே பலகை பலகையாக லாரியில் வந்து இறங்கும். பாரந்தூக்கி அதைத் தூக்கி நிறுத்தும். இப்படி வந்த சுவர்களில் பல, வெறும் சதை அல்ல, எலும்பே அவைதாம். மேல்மாடிகளின் எடை அவற்றின் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. உயரக் கட்டடத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது எதிர்த்து நிற்பவையும் இப்படிப்பட்ட கான்கிரீட் சுவர்களே. வெளியே நின்று பார்த்தால் இரண்டு புளோக்குகளும் ஒரே சாயம், ஒரே உயரம். உள்ளே ஒன்றில் எலும்பு இருக்கும் இடத்தில் மற்றொன்றில் சதை இருக்கலாம். ஒரே புளோக்கில் மேலும் கீழும்கூட வித்தியாசம் உண்டு. பத்தாம் மாடிச் சுவர் இரண்டு மாடிகளைச் சுமக்கிறது என்றால், மூன்றாம் மாடியில் அதற்கு நேர் கீழே நிற்பது ஒன்பது மாடிகளைச் சுமக்கிறது.

தொழிற்கல்லூரியில் படித்தபோது லண்டனின் ரோனன் பாயின்ட் கட்டடத்தைப் பற்றி ஒரு முழு வகுப்பு நடந்தது. 22 மாடி. வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 அன்று விடியற்காலையில் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்துச் சுமைதாங்கும் சுவர்ப்பலகைகள் வெளியே விழுந்தன. அவை பிடித்திருந்த மேல்தளங்கள் இறங்கின. இறங்கிய எடை கீழ்த்தளங்களையும் இழுத்துக்கொண்டு போனது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் அடிவரை சரிந்து, நால்வர் இறந்தார்கள். ஆசிரியர் கரும்பலகையில் சீட்டுக்கட்டு வீடு ஒன்று வரைந்து, நடுவில் ஒரு சீட்டை மட்டும் அழித்துக் காட்டினார். அந்த அழிப்பானின் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

லண்டன் தூரம் என்று நினைக்கிறவர்களுக்கு நம் சிராங்கூன் சாலை இருக்கிறது. 1986 மார்ச் 15, சனிக்கிழமை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. தேக்கா சந்தையில் அம்மாவுக்கு வாங்கிய முருங்கைக்கீரைக் கட்டோடு பேருந்துக்கு நின்றிருந்தேன். சற்று நேரத்துக்கெல்லாம் சைரன்கள். ஓவன் சாலை முனையில் இருந்த நியூ வோர்ல்டு ஹோட்டல், ஆறு மாடி, ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் வந்து இடிபாட்டுக்குள் வளை தோண்டி உதவினார்கள். விசாரணையில் வெளிவந்த காரணத்தை முதலில் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. வடிவமைத்தவர் ஆட்கள், கட்டில், மேசை ஆகியவற்றின் எடையைக் கணக்கிட்டிருந்தார். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. தூண், தளம், சுவர் எதுவுமே எடையற்றது போல. 1971இல் கட்டிய கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்றதே அதிசயம். அதன் பிறகுதான் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை அவரோடு தொடர்பில்லாத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று ஆனது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஆய்வு செய்யும் முறையும் வந்தது.

சுவருக்கு எடை உண்டா என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நாலரை இஞ்சுச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூசியது, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கிலோ வரும். மூன்று மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம் என்றால் சுமார் இரண்டு டன். ஒரு டாக்சியையும் இன்னொரு டாக்சியின் பாதியையும் உங்கள் கூடத்தில் நிறுத்துவதற்குச் சமம். எடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். இல்லாத இடத்தில் புதிதாகச் செங்கல் சுவர் எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சாமி அறைக்குத் தனிச் சுவர் வேண்டும் என்று கேட்டு வந்த குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். இலகுப் பலகை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பலகைச் சுவரில் சாமிப் படம் நிற்குமா என்று பெரியவர் ஒருவர் கவலைப்பட்டார். உள்ளே எஃகுச் சட்டம் இருக்கும் இடம் பார்த்து மாட்டினால் நடராசரே நிற்பார்.

நாலரை இஞ்சுச் சுவர் என்றதும் அறந்தாங்கிக் கொத்தனார் ஒருவர் நினைவுக்கு வருகிறார். தொண்ணூறுகளில் ஈசூன் தளத்தில் என்னிடம் இருந்தார். கல் வந்து இறங்கினால் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் கரணைக் காம்பால் தட்டுவார். மணியாக ஒலித்தால் நல்ல வேக்காடு. மொத்தென்றால் லாரியைத் திருப்பு என்பார். கல்லைத் தண்ணீரில் நனைக்காமல் அடுக்க விடமாட்டார், வறண்ட கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும் என்பார். நான்கு வரிக்கு ஒருமுறை எக்ஸ்மெட் என்ற உலோக வலையை வைத்துத் தூணோடு கோத்துவிடுவார். மெல்லிய சுவர் நீளமாகப் போனால் அதற்குத் தனியே நிற்கும் தெம்பு கிடையாது, யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டத்துக்கு அடியில் கடைசி வரியை அன்றே அடைக்கமாட்டார். கீழே சாந்து இறுகி அமரட்டும் என்று நாலைந்து நாள் விட்டுத்தான் அடைப்பார். தூக்குக்குண்டை அவர் தொங்கவிடும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். அப்படிக் கட்டிய சுவரை இன்று இடிக்கிறவர்கள் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். 2001 முதல், கட்டுவதற்கு எளிதான வடிவமைப்புக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று சட்டமானதும் செங்கல் வேலை குறையத் தொடங்கியது. ஆள் அதிகம் வேண்டியிருக்கிற சுவருக்கு மதிப்பெண் குறைவு. நியாயம்தான். ஆனாலும் எனக்கு அந்த மணி ஓசை பிடிக்கும்.

சுமை தாங்காத சுவர் என்றால் சும்மா நிற்கும் சுவர் என்று பொருள் கொள்ளக்கூடாது. என் அக்காள் மகளிடம் அன்று நான் அதிக நேரம் பேசியது இதைத்தான்.

சமையலறைச் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவாடு பொரிக்கும் வீடு அது, மாப்பிள்ளையின் தாயார் கைப்பக்குவம். சுவர் போய்விட்டால் மணம் மெத்தை உறைவரைக்கும் போகும். அது ஒரு பக்கம். அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டால் இடையில் ஒரு சுவரும் கதவும் இருப்பது கூடத்தில் இருப்பவர்களுக்குச் சில நிமிடங்களை வாங்கித் தரும். தீத்தடுப்புச் சுவருக்குச் சோதனைக்கூடத்தில் மூன்று கேள்விகள் கேட்பார்கள். தீயில் நின்றபின்னும் விழாமல் இருக்கிறதா? விரிசல் வழியாகத் தீயையும் சூட்டுக் காற்றையும் விடாமல் இருக்கிறதா? மறுபக்கம் சூடேறாமல் இருக்கிறதா? மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மறுபக்க வெப்பம் சராசரியாக 140 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடினால் அந்தச் சுவர் தோற்றுவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஏனென்றால் அந்தச் சூட்டுக்கு மேல் போனால் அதில் சாய்த்து வைத்த திரைச்சீலையும் அட்டைப்பெட்டியும் பற்றிக்கொள்ளும் அபாயம் தொடங்குகிறது. வீட்டுக்குள் இருக்கும் சமையலறைச் சுவருக்கு இந்தச் சோதனை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு உண்டு. அதில் குழாய்க்கும் கம்பிக்கும் ஓட்டை போட்டு அப்படியே விட்டுப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் தாங்க வேண்டிய சுவர் அந்த ஓட்டை வழியாக ஒரு நிமிடத்தில் தோற்கும்.

பொதுச் சுவர் என்றதும் சத்தம். சுவருக்கும் காது உண்டு என்கிறோமே, காது கேட்காமல் இருக்கச் சுவருக்கு எடை வேண்டும். ஒற்றைச் சுவரின் எடை இரட்டித்தால் ஐந்தாறு டெசிபெல் சத்தம் குறையும் என்பது பழைய விதி. ஆனால் எவ்வளவு கனமான சுவரும் இரு பக்கத்து மின்செருகிப் பெட்டிகளை முதுகோடு முதுகு வைத்துத் துளைத்துவிட்டால் அந்த இடத்தில் காகிதம்தான். என் பக்கத்து வீட்டுப் பையன் மாலையில் மிருதங்கம் பழகுகிறான். 'தொம்' மட்டும் வருகிறது, 'நம்' வருவதில்லை. தணிந்த ஒலியைத் தடுப்பது சுவருக்கு எப்போதும் கடினம். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்குச் சுவரைத் திட்டிப் பயனில்லை, அது தளத்தின் வழியாக வருவது.

வெளிச்சுவரின் கதை தனி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. சுமாத்ராக் காற்று விடியற்காலையில் மழையைச் சுவரில் அறைவதைக் கேட்டிருப்பீர்கள். மயிரிழை விரிசல் போதும், தண்ணீரை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். வார்த்த பலகைகள் சேரும் மூட்டுகளில் இரப்பர் போன்ற அடைப்பு வைத்திருப்பார்கள். அதற்கும் வயதாகும். ஆனால் ஒழுகுகிறது என்று என்னை அழைத்த வீடுகளில் பாதிக்கு மேல் குற்றவாளி மூட்டும் இல்லை, விரிசலும் இல்லை. குளிர்சாதனக் குழாய்க்காக வெளிச்சுவரில் போட்ட துளை உள்பக்கம் சரிந்திருக்கும். துளை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் இரகசியம். துளைப்பவர் கூடத்தில் நின்று கையைத் தூக்கித் துளைக்கும்போது கை இயல்பாகவே மேல்நோக்கிப் போகும். மழைக்குக் கால்வாய் வெட்டிக் கொடுத்தது போல் ஆகிவிடும். உங்கள் வாசகர்கள் இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். புதுக் குளிர்சாதனம் மாட்ட வருகிறவரிடம் துளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெயிலும் அப்படித்தான். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் காலை வெயில் கிழக்குச் சுவரையும் மாலை வெயில் மேற்குச் சுவரையும் நேராக அடிக்கிறது. என் வீடு புளோக்கின் மேற்குக் கோடியில் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குச் சுவர் வாங்கிய சூட்டை இரவு ஏழு, எட்டு மணிக்குத்தான் உள்ளே விடும். கனமான கான்கிரீட்டின் குணம் அது, வாங்கியதை வைத்திருந்து நிதானமாகக் கொடுக்கும். பாயைச் சுவரோரம் போட்டுப் படுத்தால் தோசைக்கல் அருகில் படுத்தது போல் இருக்கும். கட்டடத்தின் மேலுறை வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்று 1979லேயே இங்கே வரம்பு கொண்டுவந்தார்கள். குளிரூட்டப்பட்ட கட்டடங்களுக்குச் சதுர மீட்டருக்கு 45 வாட் என்று. எண்ணெய் விலை உலகை உலுக்கிய காலம் அது. நான் என் பங்குக்கு மேற்குச் சுவரோடு ஒட்டிப் புத்தக அலமாரி வைத்தேன். சூடு புத்தகங்களுக்குப் போகிறது, எனக்குக் கொஞ்சம் குறைகிறது.

அன்று மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டார்: "மாமா, என் நண்பன் வாங்கிய பிடிஓ வீட்டில், அதுதான் முன்பதிவு செய்தபின் கழகம் கட்டித் தரும் புது வீட்டில், இரும்புக் கதவு போட்ட ஸ்டோர் ரூம் இருக்கிறது. அதன் சுவரையாவது எடுக்கலாமா?" நல்லவேளை, அவர்கள் வாங்கிய வீட்டில் அது இல்லை. மக்கள் 'பாம் ஷெல்டர்' என்று சொல்லும் வீட்டுக் காப்பறை அது. 1997இல் சட்டம் வந்து, 1998 மே முதல் தேதியிலிருந்து புதிய வீடுகளுக்குக் கட்டாயமானது. குண்டுவெடிப்பின் அதிர்ச்சியையும் சிதறல்களையும் தாங்கும்படி கம்பி நெருக்கமாகக் கட்டி வார்த்த சுவர். நாம் அதில் அரிசி மூட்டையையும் தீபாவளிப் பலகாரத் தகரத்தையும் வைக்கிறோம், தவறில்லை. ஆனால் அந்தச் சுவரை இடிப்பது, கதவைக் கழற்றுவது, காற்றுத் துளையை நிரந்தரமாக அடைப்பது இவையெல்லாம் கூடாது. அலமாரி மாட்டப் போடும் துளையின் ஆழத்துக்குக்கூட வரம்பு இருக்கிறது.

"அப்படியானால் இப்போது சுவரே இல்லாத வீடு விற்கிறார்களே, அது எப்படி?" என்றாள் அக்காள் மகள். விடமாட்டாள், அவள் அம்மாவைப் போல. அவள் சொன்னது 2024 அக்டோபரில் கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில் சோதனையாக விற்பனைக்கு வந்த வெள்ளை வீடுகளை. உள்ளே அறைத் தடுப்புகள் இல்லை, விட்டமும் குறுக்கே ஓடாது. ஆனால் அங்கே சுவரை யாரும் எடுக்கவில்லை. சுவர் இல்லாமலேயே நிற்கும்படி கணக்குப் போட்டுத் தளத்தையும் தூணையும் அமைத்திருக்கிறார்கள். இரண்டு கால் இல்லாமலேயே நிற்கும்படி செய்த நாற்காலி வேறு, நான்கு கால் நாற்காலியில் இரண்டை அறுப்பது வேறு. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் எனக்குத் தேநீர் கலந்துகொண்டு வந்தாள். ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிட்டி ஹால் நிலையத்தை ஒட்டி நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் போயிருக்கிறீர்களா? 1862இல் திருநிலைப்படுத்தப்பட்டது. இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கட்டியது. அதன் சுவர்ப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுனாம்' என்று பெயர். நம் சுண்ணாம்புதான் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆகிவிட்டது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை எல்லாவற்றையும் அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரைச் சேர்த்துக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். விலங்கு மாட்டி அழைத்து வரப்பட்டவர்கள் சுவருக்கு அவ்வளவு பொறுமையைச் செலவழித்திருக்கிறார்கள். என் பேரனை அழைத்துப் போய்க் காட்டினேன். அவன் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

நம் மொழியிலும் சுவருக்கு எத்தனை பெயர்கள்! மதில், கைப்பிடிச் சுவர், சுற்றுச்சுவர், தாங்குசுவர், கட்டைச்சுவர். பாழான வீட்டில் மிஞ்சுவதற்குக் குட்டிச்சுவர் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறோம். இத்தனை வகை பிரித்துப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே பெருக்கல் குறியில் அடக்குவதுதான் எனக்கு வருத்தம்.

என் கோரிக்கை இதுதான். அடுத்த முறை சுவர் எடுத்த வீட்டின் படத்தைப் போடும்போது, எடுத்தது எந்த வகைச் சுவர், வரைபடத்தை யார் பார்த்தார்கள், கழகத்தின் அனுமதி வாங்கினார்களா, கழகப் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரா என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள். வயதான வாசகர்கள் பலருக்கு ஆங்கிலப் படிவம் சிரமம். ஒப்பந்தக்காரர் 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் அதையே அனுமதி என்று நம்பிவிடுகிறார்கள். சுமை தாங்கும் பகுதியில் கை வைத்தது தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டு உரிமையாளரும்தான்.

ஹவ்காங் வீட்டின் வரைபடம் மறுநாளே வந்தது. படுக்கையறைச் சுவர் சுமைதாங்கும் சுவர் என்று அதில் தெளிவாக இருந்தது. ஒப்பந்தக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணி வாங்கிக் குறியைத் துடைத்தார். உடை அலமாரியை ஒரே அறைக்குள் அடக்கிப் புதிய படம் வரைந்து கொடுத்தார், பழையதைவிட அது நன்றாகவே இருக்கிறது. சமையலறைச் சுவரில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு, அடுப்பு இருக்கும் பக்கத்துப் பாதியை விட்டு வைக்கச் சம்மதித்தார்கள். அதற்கு அனுமதி வந்துவிட்டது. வார நாள்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள்தான் இடிக்கலாம் என்பதால் வரும் செவ்வாய்க்கிழமை வைத்திருக்கிறார்கள். நான் போகிறேன். நல்ல கல் நாலைந்து உடையாமல் கிடைத்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், தட்டிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தள மேற்பார்வையாளர்,
ஈசூன்.